அட்டை வந்த வழி

அபிராமபுரத்தில் எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரர் எதையும் வீணாக்காதவர். செய்தித்தாள் ஒரு பக்கம், நோட்டுப் புத்தகம் ஒரு பக்கம், அட்டைப்பெட்டி ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கியிருப்பார். அன்றைக்குத் தராசுக்குக் கீழே ரப்பர் பேண்ட் போட்ட சின்னக் கட்டு ஒன்று தனியாகக் கிடந்தது. என்னவென்று கேட்டேன்.

"அதுக்கு வெலை கெடையாது சார். பிளாஸ்டிக் ஒட்டின அட்டை. மில்லுல வாங்க மாட்டான். தராசு ஆடாம இருக்கக் காலுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்கேன். வேணும்னா ஒண்ணு எடுத்துக்குங்க."

ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒன்றரை உள்ளங்கை அளவு. லேமினேஷன் ஓரங்கள் பிரிந்து உள்ளே தூசி ஏறியிருந்தது. மேல் மூலையில் கோட்டோவியமாக ஒரு சின்ன விலங்கு, அதன் காலடியில் ஓர் எண். நடுவில் இரண்டு படங்கள், அவற்றுக்கு நேரே பெரிய எழுத்தில் 'படம்', 'பட்டம்'. கீழ் ஓரத்தில் கறுத்துப்போன காகிதத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அழுக்கு என்று நினைத்து அப்படியே பைக்குள் போட்டேன்.

சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பத்துப் பதினைந்து வருஷம் வேலை பார்த்த யாரிடம் காட்டினாலும் இதன் பெயரைச் சொல்லிவிடுவார்: ஏ.பி.எல். கார்டு. சுற்றறிக்கைத் தமிழில் செயல்வழிக் கற்றல் அட்டை. 2003-இல் சென்னையின் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, நாலைந்து ஆண்டுகளுக்குள் தமிழ்நாடு முழுக்க 37,000-க்கு மேற்பட்ட பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்குள் நுழைந்த பண்டம் இது. இதைக் கையாளக் கற்றுக்கொடுப்பதற்காகவே தமிழ்நாட்டில் நடந்த ஆசிரியர் பயிற்சிகளையும் பணிமனைகளையும் எண்ணி மாளாது. அட்டையின் கதையும் பயிற்சியின் கதையும் ஒன்றுதான். அட்டை எந்தப் பெட்டியில் போனாலும் கூடவே ஒரு பயிற்சி போகவேண்டியிருந்தது. சில இடங்களில் போயிற்று. சில இடங்களில் பெட்டி மட்டும் போயிற்று.

அரசுத் திட்டம் என்றால் கோட்டையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வந்திருக்கும் என்றுதான் நமக்கு நினைப்பு. இந்த அட்டையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், வழி எங்கள் பேட்டையைத் தொட்டுத் தொட்டே போகிறது. அபிராமபுரத்திலிருந்து தெற்கே மந்தைவெளியைக் கடந்து கிரீன்வேஸ் சாலைக்கு நடந்துபோய்விடலாம். அங்கே மரங்களுக்கு நடுவே வசந்த விஹார் இருக்கிறது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம். வடக்கே திரும்பினால் மயிலாப்பூர். கதையில் இந்த மூன்று இடமும் வருகின்றன.

1909 ஜனவரியில், ஓய்வுபெற்ற அரசு ஊழியரான நாராயணய்யா, தாயில்லாத பிள்ளைகளோடு அடையாற்றில் குடியேறினார். பிள்ளைகளில் ஒருவன் 1895-இல் மதனப்பள்ளியில் பிறந்தவன், கிருஷ்ணமூர்த்தி. அவனும் தம்பி நித்யாவும் தினமும் ஆற்றைக் கடந்து மயிலாப்பூர் பென்னத்தூர் சுப்பிரமணியம் உயர்நிலைப் பள்ளிக்கு நடந்தே போய் வந்தார்கள். கிருஷ்ணாவுக்குப் பாடம் ஏறவில்லை. மந்த புத்தி என்று முத்திரை குத்தி, அநேகமாக நாள் தவறாமல் பிரம்படி கிடைத்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அந்தக் காலத்தில் பிரம்பு இல்லாத பள்ளி எது? வகுப்பு ஒரு வேகத்தில் போகும், அந்த வேகத்துக்கு வராதவன் மக்கு. அவ்வளவுதான் கணக்கு.

அந்தப் பையன் பிறகு என்ன ஆனான் என்பது ஊருக்கே தெரியும். தத்துவஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பெயரால் பள்ளிகள் நடக்கின்றன. அவற்றுள் முதலாவது, அவர் பிறந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷிவேலி. அதை நடத்தும் அறக்கட்டளையின் தலைமையகம் கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில். 1986 ஜனவரி 4 அன்று அவர் தமது கடைசிப் பொதுச் சொற்பொழிவை நிகழ்த்தியதும் அந்தத் தோட்டத்தில்தான். மறுமாதம் காலமானார். அடி வாங்கிய பையனுக்கும் என் கையிலுள்ள அட்டைக்கும் நேர்க்கோடு போட்டுவிட முடியாது, அது கதை கட்டுகிறவர்களின் சௌகரியம். ஆனாலும் ஒன்று கண்ணில் படுகிறது. மதனப்பள்ளியிலிருந்து சென்னைக்குப் பையன் வந்த அதே பாதையில், ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து அட்டையும் வந்தது.

அதற்கு நடுவில் இன்னொருவர் வந்துபோனார். 1939 நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறு வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 69. மூன்று மாதப் பயிற்சி நடத்திவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஓலைக் கொட்டகைகள் போட்டு நடந்த அந்த வகுப்புக்கு இந்தியாவின் பல மூலைகளிலிருந்து 300-க்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். இத்தாலி போரில் இறங்கியதும் அவரும் மகன் மாரியோவும் எதிரி நாட்டவர் ஆகிவிட, மூன்று மாதம் பல வருஷமாக நீண்டது. ஒரு பங்கு அடையாற்றில், ஒரு பங்கு கொடைக்கானலில். ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்றால் மேடைப் பேச்சு என்று இருந்த ஊரில், குழந்தை கையாளும் பொருளை ஆசிரியரும் கையால் தொட்டுப் பழகவேண்டும் என்ற வழக்கம் அப்போது வேர்விட்டது. கற்கும் பொருள் தட்டில் இருக்கும். பிள்ளை தானே போய் எடுக்கும், வேலை முடிந்ததும் தானே திருப்பி வைக்கும். ஏ.பி.எல். வகுப்பறையின் தட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. ஆனால் மாண்டிசோரி முறை சென்னையில் தங்கிய இடங்கள் பெரும்பாலும் கட்டணம் கட்டக்கூடியவர்களின் பள்ளிகள். மாநகராட்சிப் பள்ளிக்கு அது சுற்றுவழியாகத்தான் வந்து சேர்ந்தது.

அந்தச் சுற்றுவழி ரிஷிவேலியின் வேலிக்கு வெளியே தொடங்குகிறது. வேலிக்கு உள்ளே இருப்பது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. வெளியே வானம் பார்த்த பூமி, நிலக்கடலை, ஆடு மேய்க்கும் பிள்ளைகள். 1980-களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ராமா தம்பதியர் அங்கே வந்து கிராமப் பள்ளிகளை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். ஓர் அறை, ஓர் ஆசிரியர். அந்த அறைக்குள் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும். பாடநூலோ ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் எழுதப்பட்டது. போதாக்குறைக்கு, பிள்ளை பத்து நாள் காணாமல் போகும். அறுவடை, திருவிழா, தம்பிக்குக் காய்ச்சல். திரும்பி வரும்போது பாடம் நாலு பக்கம் தாண்டிப் போயிருக்கும். அந்த நாலு பக்கத்தை அந்தப் பிள்ளை பிறகு எப்போதும் எட்டிப் பிடிக்காது. ஆண்டுக் கடைசியில் தோல்வி, அப்புறம் ஆட்டுக்கே போய்விடும்.

அவர்கள் செய்தது எளிய காரியம். பாடநூலைப் பிரித்துப் போட்டார்கள். ஒரு பக்கத்தில் எத்தனை சிறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன என்று பார்த்து, வேலைக்கு ஓர் அட்டையாக எழுதினார்கள். அட்டைகளை வரிசைப்படுத்தி ஓர் ஏணியாக வரைந்து சுவரில் மாட்டினார்கள். ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம். அதே சின்னம் அட்டையிலும் அட்டை இருக்கும் தட்டிலும். எழுத்தே தெரியாத பிள்ளைகூட, நேற்று நான் இந்தப் படத்தில் நின்றேன், இன்றைக்கு அடுத்த படம் என்று கண்டுபிடித்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்துவிடும். பத்து நாள் வராத பிள்ளை விட்ட படியிலேயே மறுபடி கால் வைக்கும். வகுப்பு என்ற பொதுவான வேகம் அந்த அறையில் கிடையாது, ஆகவே பின்தங்கினவன் என்றும் ஒருவன் கிடையாது. மயிலாப்பூரில் அடி வாங்கிய பையனை நான் இந்த இடத்தில் நினைத்துக்கொண்டால் வாசகர் மன்னிக்கவேண்டும்.

அட்டைகளை எழுதியது யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்தந்த ஊர் இளைஞர்களையும் இளம்பெண்களையும் ஆசிரியராக்கி, கூட உட்கார வைத்து எழுதினார்கள். உள்ளூர்க் கதை, உள்ளூர்ப் பாட்டு, உள்ளூர்ச் சொல் எல்லாம் அட்டைக்குள் போயின. எழுதினவரே வகுப்பில் வைத்துப் பார்ப்பார். பிள்ளை தடுமாறினால் மாலையில் உட்கார்ந்து திருத்துவார். பயிற்சி என்று தனியாக ஒரு சடங்கு அங்கே தேவைப்படவில்லை. அட்டை செய்வதே பயிற்சி. ரிவர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரிஷிவேலிக் கல்வி வள நிறுவனம் இதற்கு 'பெட்டிக்குள் பள்ளி' என்று பெயரிட்டது. பெட்டி என்ற அந்தச் சொல் அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்று எனக்கு இன்றும் தீர்மானமாகவில்லை. பெட்டி என்றாலே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் தோன்றும்.

தூக்கிக்கொண்டு போனார்கள். முதலில் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டை. 1995 வாக்கில் அங்கிருந்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கு வந்து பார்த்து, திரும்பிப் போய்க் கன்னடத்தில் தங்களுக்கென்று ஓர் ஏணி கட்டினார்கள். 'நலி கலி' என்று பெயர். ஆடிக்கொண்டே கற்றுக்கொள் என்று சொல்லலாம்.

தமிழ்நாட்டுக்கு அட்டை வந்தது ஓர் ஆட்சிப் பணி அதிகாரி வழியாக. எம்.பி. விஜயகுமார் வேலூரில் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளிகளில் இந்த முறையைக் கையாண்டு பார்த்திருக்கிறார். எட்டு வயதில் பீடிக் கட்டிலிருந்து எழுந்து வருகிற பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கவும் முடியாது, மூன்றாம் வகுப்பில் உட்கார வைக்கவும் முடியாது. அந்தப் பிள்ளைக்கு வகுப்பைவிட ஏணி பொருந்தியது. பிறகு அவர் சென்னை மாநகராட்சி ஆணையர் ஆனார். சாலையும் சாக்கடையும் பார்க்கவேண்டிய நாற்காலி. அதில் உட்கார்ந்துகொண்டு ரிப்பன் மாளிகையிலிருந்து ஆசிரியர்களை மதனப்பள்ளிக்கு அனுப்பினார்.

அந்தப் பயணத்தைக் கற்பனை செய்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பெரும்பாலும் பெண்கள். வருஷக்கணக்காக நாற்காலியில் உட்கார்ந்து, அல்லது கரும்பலகை முன் நின்று, தொண்டை வறளப் பாடம் சொன்னவர்கள். அங்கே போனால் ஆசிரியர் தரையில் பாயில் உட்கார்ந்திருக்கிறார். குரல் உயர்வதில்லை. பிள்ளைகள் எழுந்து நடக்கிறார்கள், தட்டைத் தேடுகிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். 'இது நாட்டுப்புறத்துக்குச் சரி, மெட்ராஸுக்கு ஒத்து வராது' என்று ஒரு முணுமுணுப்பாவது எழாமல் இருந்திருக்காது. இருந்தாலும் திரும்பி வந்தவர்கள் கூடி உட்கார்ந்து தமிழுக்கான அட்டைகளை ஆக்கினார்கள். தெலுங்கு ஏணியைப் பெயர்த்தால் தமிழுக்கு உதவாது. எந்த எழுத்து முதலில் வரவேண்டும் என்பதிலிருந்தே யோசிக்கவேண்டும். அ, ஆ என்று தொடங்குவது நம் பண்பாடு. 'அ'வை எழுதுவதோ சின்ன விரலுக்குப் பெரும்பாடு. 'ட' ஒரு கோணம், 'ப' மூன்று கோடு. நேர்க்கோட்டு எழுத்திலிருந்து தொடங்கினால் முதல் வாரத்திலேயே ஒரு சொல் கிடைத்துவிடும். என் அட்டையில் 'படமு'ம் 'பட்டமு'ம் இருப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு யோசனை இருக்கிறது.

2003-இல் 13 பள்ளிகள். அடுத்து மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் பரவியது. அட்டை வந்ததும் அறையே மாறிற்று. சுவரின் அடிப்பகுதியில், உட்கார்ந்த பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததை அவர்களே தொங்கவிடுவார்கள். வருகையைத் தாங்களே குறிப்பார்கள். ஆரோக்கியச் சக்கரம் என்று ஒன்று, நகம் வெட்டினாயா, பல் தேய்த்தாயா என்று பார்க்க. நடுவில் பாய்கள், பாய்தோறும் ஒரு குழு அட்டை: ஆசிரியர் முழுதாக உதவும் குழு, பாதி உதவும் குழு, சக மாணவர் முழுதாக உதவும் குழு, பாதி உதவும் குழு, தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு. பிள்ளை எடுத்த அட்டையைப் பார்த்தாலே எந்தப் பாயில் உட்காரவேண்டும் என்று தெரிந்துவிடும். அட்டைகளிலும் வகை உண்டு. அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல், மதிப்பீடு. மதிப்பீட்டில் சறுக்கினால் குறைதீர் அட்டை, தேறினால் வளமூட்டல் அட்டை. தேர்வு என்று ஒரு நாளைக் குறித்துப் பிள்ளையை நடுங்க வைக்கவேண்டியதில்லை. ஏணியின் நடுவில் அதுவும் ஒரு படி.

ஆசிரியரின் நாற்காலி போனது சிறு விஷயம் இல்லை. ஊரில் மரியாதை என்பது யார் உயரத்தில் உட்கார்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டி, முழங்கால் வலியோடு, பாயில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அது வெறும் தத்துவமாக இருந்திருக்காது. இன்னொரு பக்கம் பெற்றோர். புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே, மிஸ் ஏன் பாடமே நடத்தவில்லை, பிள்ளைகள் விளையாடிக்கொண்டல்லவா இருக்கிறார்கள்? இதற்கெல்லாம் பதில் சொல்லவேண்டியவர் தலைமையாசிரியர். அவருக்கும் இதில் பயிற்சி இருந்தால்தான் வாசலில் நின்று தைரியமாகப் பதில் சொல்ல முடியும். இல்லாவிட்டால் அவரே ஆசிரியரைக் கூப்பிட்டு, 'கொஞ்சம் போர்டிலும் எழுதிப் போடுங்கள்' என்று சொல்லிவிடுவார். பல பள்ளிகளில் அட்டை தோற்றது வகுப்பறைக்கு வெளியே, இந்த வாசலில்தான் என்பது என் எண்ணம்.

விஜயகுமார் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். அட்டையும் அவரோடு ரிப்பன் மாளிகையிலிருந்து நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்கு, டி.பி.ஐ. வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் சில பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்க. உளவியலாளர் எஸ். ஆனந்தலட்சுமி 2007-இல் இம்முறை பற்றி எழுதிய அறிக்கை, பிற மாநிலத்தாரும் தமிழ்நாட்டு வகுப்பறைகளைத் திரும்பிப் பார்க்க ஒரு காரணம். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு இதே காலத்தில் படைப்பாற்றல் கல்வி என்று ஒன்று வந்தது. அதன் பின்னணியில் அடையாற்றில் இருந்த கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளைப் பள்ளி. சுற்றிச் சுற்றி மறுபடி எங்கள் ஆற்றங்கரைதான்.

அட்டை இப்போது அச்சகத்துக்குப் போயிற்று. பதின்மூன்று பள்ளிக்குக் கையால் வரையலாம், முப்பத்தேழாயிரம் பள்ளிக்கு முடியாது. அச்சு, லேமினேஷன், பெட்டி, லாரி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஓர் அரசு வேறு எப்படிச் செய்யும்? ஆனால் பெட்டியைப் பிரித்தவர் அட்டையைச் செய்தவர் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவேண்டியது பயிற்சியின் பொறுப்பு.

அது எப்படி நடக்கும் என்பது ஆசிரியர் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்களுக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டத்துக்குப் போய்க் கருத்தாளர்களுக்குச் சொல்வார்கள். அவர்கள் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கு, அப்புறம் குறுவள மையத்தில், பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர்களுக்கு. ஆண்டுக்கு ஓர் ஆசிரியருக்கு 20 நாள் வரை பணியிடைப் பயிற்சி என்பது அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கணக்காக இருந்தது. கருத்தாளர் என்பது அருமையான சொல், கருத்தை ஆள்பவர். ஆனால் மேலே பல நாள் செய்து பார்த்தது, கீழே இறங்க இறங்க நாளும் குறைந்து, செய்வதும் குறைந்து, கடைசியில் சொல்வது மட்டும் மிஞ்சும். ரிஷிவேலியில் அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, பாயில் உட்கார்ந்து, தானே பிள்ளையாகிப் பழகிய அனுபவம், குறுவள மையத்துக்கு வந்து சேரும்போது ஒருவர் வாசிக்க மற்றவர் குறித்துக்கொள்ளும் குறிப்பாகியிருக்கும். பதினொரு மணிக்கு டீ, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பின்னூட்டப் படிவம், 'பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது'. அந்த ஒரு வரியை எழுதாத ஆசிரியர் தமிழ்நாட்டில் உண்டா?

இதைக் கேலியாக மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. இதே சனிக்கிழமைகளில் வேறொன்றும் நடந்தது. பத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடும்போது, கருத்தாளர் பேசி முடித்த பிறகு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, உங்கள் பள்ளியில் அந்தக் கணக்கு அட்டை தொலைந்தால் என்ன செய்கிறீர்கள், நாலாவது குழுப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று பேசிக்கொள்வார்கள். ஒருவர் சார்ட் அட்டையில் தானே எழுதிக்கொண்டதாகச் சொல்வார். இன்னொருவர் அதைப் படம்பிடித்துக்கொண்டு போவார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத அந்த அரை மணி நேரத்தில் பயிற்சி நடந்தது. ஆசிரியர் பயிற்றுநர் நல்லவராக அமைந்த வட்டாரங்களில், அவர் பள்ளிக்கு வந்து பாயில் உட்கார்ந்து கூடச் செய்தும் காட்டினார். ஆனால் பயிற்றுநர்களின் தலையில் புள்ளிவிவரம் திரட்டும் வேலையும் ஏறியதில், பாயில் உட்கார அவர்களுக்கு நேரம் குறைந்தது.

அட்டைக்கு வெளியூரிலும் கிராக்கி இருந்தது. 2010-இல் குஜராத்தில் 'பிரக்ஞா' என்ற பெயரில் அதன் உறவுக்கார முறை தொடங்கியது. ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் ரிஷிவேலியோடு சேர்ந்து தங்கள் ஊர்ப் பள்ளிகளுக்காக ஏணி கட்டிப் பார்த்தார்கள். ஒரே மாதிரிப் பிரச்சினைக்கு உலகம் தனித்தனியாக ஒரே மாதிரி விடை காண்பதும் உண்டு. கொலம்பியாவில் 1970-களிலேயே விக்கி கோல்பெர்ட்டும் கூட்டாளிகளும் தொடங்கிய 'எஸ்குவேலா நுவேவா'வும் ஓராசிரியர் பள்ளிக்காகப் பிறந்ததுதான். அங்கேயும் பிள்ளை தன் வேகத்தில் போகும் கற்றல் ஏடுகள். அங்கேயும் ஆசிரியர்கள் மாதிரிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்து, தங்களுக்குள் வட்டம் அமைத்துக் கூடிப் பேசித்தான் கற்றார்கள்.

அட்டையின் முதுமை சீக்கிரம் வந்தது. பிள்ளைகளின் கையில் தினமும் புழங்கும் பொருள் எத்தனை வருஷம் தாங்கும்? ஓரம் பிய்ந்தது, நடுவில் ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி இல்லாமல் போயிற்று. மறு அச்சு நேரத்துக்கு வராத இடங்களில் ஆசிரியர்கள் மெல்லப் புத்தகத்துக்கே திரும்பினார்கள். 2012-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, எளிமைப்படுத்திய செயல்வழிக் கற்றல் என்று அட்டையைப் பாடநூலோடு சமரசம் செய்துவைத்தார்கள். பிள்ளை தன் வேகத்தில் ஏறும் ஏணிக்கும், பருவம் முடிந்தால் பாடம் முடியவேண்டும் என்ற கணக்குக்கும் ஒரே அறையில் குடித்தனம் ஒத்து வராது. 2018-இலிருந்து புதிய பாடத்திட்டம், கியூஆர் கோடு அச்சிட்ட புதிய புத்தகங்கள். பெட்டிகள் அலமாரியின் மேல் தட்டுக்கு ஏறின. பிறகு கொரோனா, பூட்டிய பள்ளிகள்.

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் திட்டம். வகுப்பைப் பார்க்காதே, பிள்ளை நிற்கும் படியைப் பார் என்ற பழைய குரல் அதற்குள் கேட்கத்தான் செய்கிறது. மறுபடியும் கருத்தாளர்கள், மறுபடியும் பயிற்சிக் கட்டகங்கள், மறுபடியும் வள மையத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கும் அவசரம்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையை ஈரத்துணியால் துடைத்தேன். கீழ் ஓரத்துக் காகிதத் துண்டு அழுக்கு இல்லை. லேமினேஷன் மேலேயே பசை தடவி ஒட்டியிருந்தார்கள். அதன் மேல் இருந்த செல்லோ டேப் மஞ்சளாகிப் போயிருந்தது. நீல ஸ்கெட்ச் பேனாவால், அச்செழுத்தைப் பார்த்துப் பழகிய கையெழுத்தில், மூன்றாவதாக ஒரு சொல்: 'மடம்'. பக்கத்தில் படம் வரைய இடமில்லாமல் கோபுரம் மாதிரி ஒரு முக்கோணம். ராமகிருஷ்ணா மடம் சாலையில் தினமும் நடந்து பள்ளிக்கு வந்த ஏதோ ஒரு பிள்ளைக்காக இருக்கலாம்.

மறுநாள் மீதி அட்டைகளையும் கேட்டு வாங்கிவரலாம் என்று கடைக்குப் போனேன். தராசின் காலுக்குக் கீழே அரைச் செங்கல் வைத்திருந்தார்.